பல் க்ளீனிங் செய்தால் பல் ஆடிவிடுமா? ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவசியமா?

கேள்வி: நெல்லிமரம்

அம்மாவுக்கு 56 வயது. சுகர் இருக்கிறது, ஆஸ்பிரின் 75 போடுகிறார். கீழ் முன்பற்களின் உட்புறம் மஞ்சளாகக் கல் போலக் கட்டியிருக்கிறது. பல் துலக்கினால் ரத்தம் வருகிறது, வலி இல்லை. பல் டாக்டர் க்ளீனிங் செய்யச் சொல்கிறார். மெஷின் வைத்தால் எனாமல் தேயும், இடைவெளி விழும், பல் ஆடும் என்று சொந்தக்காரர்கள் தடுக்கிறார்கள். இதில் எவ்வளவு உண்மை? சுகரும் ஆஸ்பிரினும் இருக்கும்போது செய்யலாமா? ஆறு மாதத்துக்கு ஒருமுறை போயே ஆக வேண்டுமா?

பதில்: ஈறும்வேரும்

அந்தக் கல்லுக்குப் பெயர் காரை. பல்லின் மேல் தினமும் படியும் கிருமிப் படலத்தை முழுதாக எடுக்காமல் விட்டால், எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் இறங்கி இறுகத் தொடங்கும். ஓரிரு நாளிலேயே ஆரம்பித்துவிடும், இரண்டு வாரத்துக்குள் கெட்டிப்பட்டுவிடும். எச்சில் சுரப்பிகளின் வாய் நாக்குக்கு அடியிலும், மேல் கடைவாய்ப்பல்லுக்கு எதிரே கன்னத்திலும் திறக்கிறது. அதனால்தான் கீழ் முன்பல்லின் உட்புறமும் மேல் கடைவாய்ப்பல்லின் வெளிப்புறமும் முதலில் காரை கட்டும். இறுகிய பிறகு எந்தப் பிரஷ்ஷாலும் போகாது.

இனி அந்தப் பயத்துக்கு வருவோம். க்ளீனிங் மெஷினான ஸ்கேலரின் முனை நொடிக்குச் சுமார் 25,000 முறைக்கு மேல் அதிரும். அந்த அதிர்வில் காரை உடைந்து விழுகிறது, கூடவே வரும் தண்ணீர் முனையைக் குளிர்வித்து அதை அலசிவிடுகிறது. முனையின் பக்கவாட்டைப் பல்லோடு ஒட்டி, அழுத்தாமல் நகர்த்தினால் எனாமல் தேயாது. கூர்முனையைக் குத்தலாகப் பிடித்து அழுத்தினால் கீறல் விழலாம், ஆனால் அது செய்பவர் கையின் குறை.

இடைவெளி தெரிவது உண்மைதான். நாள்பட்ட வீக்கத்தில் ஈறு உப்பியிருக்கும், அடியில் எலும்பு கரைந்த இடத்தைக் காரை அடைத்திருக்கும். காரை போய் வீக்கமும் வற்றியதும் ஏற்கெனவே இருந்த இடைவெளி வெளியே வரும். ஆட்டமும் அப்படித்தான்: அஸ்திவாரம் அரித்த சுவரைப் பூச்சு மட்டும் பிடித்துக்கொண்டிருப்பது போல, எலும்பு இழந்த பல்லைப் பக்கத்துப் பல்லோடு காரை சேர்த்துக் கட்டியிருக்கும். அதை எடுக்காமல் விட்டால் மீதி எலும்பும் போகும். போன எலும்பு தானாக வளர்ந்து வராது.

ஆகவே "க்ளீனிங் செய்யலாமா" என்பதோடு நிறுத்தாதீர்கள். "ஈறு அளந்தீர்களா?" என்று அவசியம் கேளுங்கள். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியால் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடத்தில் ஆழம் பார்ப்பார்கள். 1 முதல் 3 மி.மீ. வரை நலம். 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்து, தொட்டதும் ரத்தம் வந்தால் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் பை விழுந்திருக்கிறது என்று பொருள். எலும்பின் மட்டம் தெரிய எக்ஸ்ரே வேண்டும். ஆழமான பை இருந்தால் மேலோட்டமான க்ளீனிங் போதாது. மரத்துப்போகும் ஊசி போட்டு, வாயைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வேர்வரை சுத்தம் செய்ய வேண்டும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். அந்த இரண்டாவது அளவை எடுக்காமல் விடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. சிகிச்சை வேலை செய்ததா என்பது அதில்தான் தெரியும்.

பதில்: பஞ்சும்கிண்ணமும்

சுகரையும் ஆஸ்பிரினையும் பற்றி நான் சொல்கிறேன்.

ஆஸ்பிரின் 75-ஐ க்ளீனிங்குக்காக நிறுத்தக் கூடாது. கொஞ்சம் கூடுதலாகக் கசியும், பஞ்சு வைத்து அழுத்தினால் நின்றுவிடும். நிறுத்துவதால் இதயத்துக்கு வரும் ஆபத்து அதைவிடப் பெரிது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர் என்றால் முதலில் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்க வேண்டும். செயற்கை இதய வால்வு வைத்தவர்களுக்கு முன்கூட்டியே ஆன்டிபயாடிக் தேவைப்படும். எந்த மாத்திரையானாலும் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

சுகர் உள்ளவர்கள் காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள். வழக்கம்போல் சாப்பிட்டு, மாத்திரை அல்லது இன்சுலின் எடுத்துவிட்டுப் போக வேண்டும். வெறும் வயிற்றில் போய், நாற்காலியில் சர்க்கரை இறங்கி மயங்குவதுதான் தவிர்க்க வேண்டியது. மூன்று மாத சர்க்கரை சராசரியைச் சொல்லும் ஹெச்.பி.ஏ.1.சி. பரிசோதனையின் சமீபத்திய முடிவையும் காட்டுங்கள். சர்க்கரை கூடினால் ஈறு நோய் முற்றும், ஈறு அழற்சி இருந்தால் சர்க்கரை கட்டுக்குள் வர மறுக்கும். ஈறு சிகிச்சைக்குப் பிறகு மூன்று மாத சராசரி சற்றுக் குறைவதும் உண்டு. அதனால் இதைச் சுகர் வைத்தியத்தின் ஒரு பகுதியாகவே எண்ணுங்கள்.

கருவிகளை ஆட்டோகிளேவ் செய்த (அழுத்த நீராவியில் கிருமி நீக்கிய) உறையில் இருந்து உங்கள் எதிரில் பிரிக்கிறார்களா என்று பாருங்கள். உறையில் இருக்கும் அடையாளக் கோடு நிறம் மாறியிருக்க வேண்டும். ஸ்கேலர் முனையும் ஒவ்வொருவருக்கும் மாற்ற வேண்டியதுதான், ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் போதாது. கேட்கத் தயங்காதீர்கள்.

பதில்: கடைவாய்

ஆறு மாதம் என்பது எல்லோருக்கும் பொருந்தும் கணக்கு இல்லை. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2004-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரியவர்களுக்குப் பரிசோதனை இடைவெளி 3 மாதம் முதல் 24 மாதம் வரை, அவரவர் ஆபத்தைப் பொறுத்தது என்றே இருக்கிறது. உங்கள் அம்மாவுக்குச் சுகரும் ஈறில் ரத்தமும் இருப்பதால் முதல் வருடம் 3 மாதத்துக்கு ஒருமுறை என்று வைப்பதுதான் சரி. ஈறு நலமாக, சொத்தை இல்லாமல், புகையிலை பழக்கமும் இல்லாதவர் வருடத்துக்கு ஒருமுறை போனாலும் குறையில்லை.

ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. செக்கப் என்றால் பல் மட்டும் பார்ப்பது இல்லை. நாக்கின் ஓரம், நாக்கின் அடி, கன்னத்தின் உட்புறம் எல்லாம் பார்க்க வேண்டும். நம் ஊரில் பாக்கு, புகையிலை போடும் வழக்கம் இருப்பதால் இது முக்கியம். இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரம் பட்டால் எரிச்சல், வாய் திறப்பு குறைவது இவற்றில் ஏதாவது இருந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாது. புகைப்பவர்களுக்கு ஈறு நோய் இருந்தும் ரத்தம் அதிகம் வராது, ஏமாந்துவிடுவார்கள்.

நெல்லிமரம்

மிக்க நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். க்ளீனிங்குக்குப் பிறகு கூச்சம் எத்தனை நாள் இருக்கும்? உப்பு, பல்பொடி வைத்துத் தேய்த்தால் காரை மறுபடி கட்டாதா?

பதில்: ஈறும்வேரும்

காரை மூடியிருந்த வேர்ப்பகுதி வெளியே தெரிவதால் கூச்சம் வரும். பெரும்பாலும் சில நாளில், அதிகபட்சம் இரண்டு வாரத்தில் அடங்கும். கூச்சத்துக்கான பேஸ்ட்டை இரவில் விரலால் தடவி, கொப்பளிக்காமல் விடலாம். க்ளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் எழுதித் தந்தால் பல் துலக்கி அரை மணி நேரம் கழித்துத்தான் பயன்படுத்த வேண்டும், பேஸ்ட்டின் நுரைப்பொருள் அதன் வேலையைக் கெடுக்கும். சொன்ன நாளுக்கு மேல் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும்.

உப்பும் பல்பொடியும் வேண்டாம். விரல் பல்லிடுக்கில் போகாது. சொரசொரப்பான பொடியோ, ஈறு இறங்கிய இடத்தில் வேரைத் தேய்த்துக் குழி விழவைக்கும். மென்மையான பிரஷ்ஷை ஈறோரத்தில் 45 டிகிரி சாய்த்து, சின்னச் சின்ன அசைவாக இரண்டு நிமிடம், காலையும் இரவும் துலக்கினால் போதும். இடைவெளி தெரியும் இடங்களுக்குப் பல்லிடைப் பிரஷ் வாங்குங்கள். உள்ளே போகும்போது லேசாகப் பிடிக்க வேண்டும், கம்பி பல்லில் உரசக் கூடாது. சரியான அளவை டாக்டரே வைத்துப் பார்த்துச் சொல்லட்டும். முதல் ஒரு வாரம் அப்போதும் ரத்தம் வரும். அதற்குப் பயந்து நிறுத்திவிடாதீர்கள், தொடர்ந்து செய்தால்தான் குறையும்.

பதில்: கடைவாய்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வளர்ந்தவர் என்றால் இதையும் கவனியுங்கள். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகமாக இருந்ததால் வரும் பழுப்புக் கறை எனாமலுக்குள்ளேயே இருக்கும், க்ளீனிங்கில் போகாது. அதற்காக இன்னொரு முறை, இன்னும் அழுத்தித் தேய்க்கச் சொல்லாதீர்கள்.