பின்னணி மங்கினால் பொம்மை உயிர் பெறுகிறதா, பொம்மை என்று அம்பலமாகிறதா?

எஃப்_பதினொன்று:
வீட்டில் எடுத்த ஆக்‌ஷன் ஃபிகர் (கை கால் மூட்டுகள் அசையும் கதாபாத்திரப் பொம்மை) படங்கள் என்று இங்கே வருபவற்றில் பெரும்பாலானவை ஒரே அச்சு. முகம் மட்டும் பளிச்சென்று இருக்கும். மார்புக் கவசத்திலேயே தெளிவு போயிருக்கும். பின்னால் எல்லாம் வண்ணக் குழம்பு. கீழே ‘சினிமா மாதிரி இருக்கு’ என்று பாராட்டு வேறு. எனக்கு நேர்மாறாகத்தான் படுகிறது. ‘இது ஆறு அங்குல பிளாஸ்டிக்’ என்று காட்டிக்கொடுப்பதே அந்த மங்கல்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமரா, 50 மி.மீ. லென்ஸ், எஃப் 2.8 (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடக் கூடத் துளை சிறுக்கும், தெளிவின் ஆழம் கூடும்). ஆறு மீட்டர் தள்ளி நிற்கும் ஆளை எடுத்தால், முன்னும் பின்னுமாகச் சுமார் 2.4 மீட்டர் ஆழத்துக்குத் தெளிவாக விழும். 1/12 அளவு, அதாவது நிஜ ஆளில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஃபிகர் அதே உயரத்தில் படத்தில் வர வேண்டுமென்றால் அரை மீட்டருக்கு நெருங்கியாக வேண்டும். அங்கே தெளிவாக விழுவது ஒன்றரை சென்டிமீட்டர்தான். விகிதப்படி 20 செ.மீ. இருக்க வேண்டிய இடம் அது. பார்க்கிறவருக்கு இந்தக் கணக்கு தெரியாது, ஆனால் அவர் கண்ணுக்குத் தெரியும். மாடியிலிருந்து எடுத்த நகரப் படத்தில் மேலேயும் கீழேயும் மங்கலாக்கினால் நிஜப் பேருந்தே விளையாட்டுச் சாமான் மாதிரி தெரிகிறதல்லவா? அந்த வித்தையை நாமே நம் ஃபிகருக்கு எதிராகச் செய்துகொண்டிருக்கிறோம்.

எஃப் 11 வையுங்கள், டிரைபாடில் நிறுத்துங்கள், இரண்டு நொடி டைமர் போடுங்கள். எஃப் 2.8-ஐ விட 16 மடங்கு வெளிச்சம் குறையும். குறையட்டும், ஷட்டரை ஒரு நொடி திறந்து வைத்தால் போயிற்று. நம் ஆள் மூச்சுகூட விடமாட்டார்.

மூட்டுவலி_மன்னன்:
கணக்கு சரி, அதிலிருந்து எடுத்த முடிவுதான் சரியில்லை. நீங்கள் சொல்கிற அதே அரை மீட்டரில் எஃப் 11 வைத்தாலும் ஆறு செ.மீ.தான் தெளிவாகக் கிடைக்கும். பின்சுவர் அப்போதும் மங்கல்தான், ஆனால் அரைகுறை மங்கல். சுவிட்ச் போர்டு சுவிட்ச் போர்டு என்று புரியும், சார்ஜர் வயர் வயர் என்று புரியும். பெரிய மங்கலில் அதெல்லாம் வெறும் வெளிச்சத் திட்டாகிவிடும். வீட்டில் எடுக்கிறவருக்கு வேண்டியது அதுதானே?

இன்னொன்று. 85 மி.மீ. லென்ஸில் எஃப் 1.4 வைத்து ஒன்றரை மீட்டரில் ஒரு நடிகரின் முகத்தை எடுத்தால் தெளிவாக விழுவது இரண்டரை சென்டிமீட்டர். கண் தெளிவாக இருக்கும், காது போய்விடும். யாராவது அவரைப் பொம்மை என்று நினைக்கிறார்களா?

எஃப்_பதினொன்று:
முகத்தை மட்டும் நெருக்கமாக எடுக்கும் படத்தில் நினைக்கமாட்டார்கள், ஒப்புக்கொள்கிறேன். அந்த மாதிரி ஆயிரம் படம் பார்த்துப் பழகிவிட்டோம். தலையிலிருந்து கால்வரை தெரியும் ஆள் படத்தில் நீட்டிய கை ஒரு பக்கம் கலங்கி, பின்னங்கால் இன்னொரு பக்கம் கலங்கி எங்கே பார்த்திருக்கிறீர்கள்? இங்கே வருவதெல்லாம் முழு உருவப் படம்தான். குத்துவிடும் போஸில் முஷ்டி கேமராவை நோக்கி வரும், தெளிவு தாடையில் இருக்கும், முஷ்டி வெறும் உருண்டையாகக் கிடக்கும்.

சுவிட்ச் போர்டு தெரிந்தால் ஒரு சாம்பல் நிற அட்டையைப் பின்னால் நிறுத்துங்கள். லென்ஸைத் திறந்துவிட்டு அறையை ஒழுங்குபடுத்த முடியாது.

போன்_போதும்:
நீங்கள் இரண்டு பேரும் பெரிய சென்சாரை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். போனின் சென்சார் சின்னது, அதனால் தெளிவின் ஆழம் தானாகவே கூடுதல். எஃப்_பதினொன்று கேட்கிற படம் பாதி இலவசமாகவே வருகிறது. அதைக் கொண்டுபோய்ப் போர்ட்ரெய்ட் மோடில் போட்டுக் கெடுக்கிறோம். மென்பொருள் ஊகித்துப் போடும் அந்த மங்கல் வாளின் நுனியையும் ஆன்டெனாவையும் தின்றுவிடும், அக்குள் இடைவெளியில் பின்னணியை மங்காமல் விட்டுவிடும்.

ஒரே எச்சரிக்கை: ரொம்ப நெருங்கினால் பல போன்கள் சொல்லாமல் கொள்ளாமல் அகலக் கோண லென்ஸுக்கு மாறிவிடும். மூக்கு பெருத்து கால் சிறுத்துப்போகும். பின்னால் தள்ளி நின்று இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஜூமில் எடுங்கள்.

நிழல்வேட்டை:
மங்கலை விடுங்கள். அதற்கு முன்னாலேயே நிழல் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

பகல் காட்சி என்று மணலைக் கொட்டி, ஃபிகரை நிறுத்தி, மேசை விளக்கைத் தலைக்கு மேலே வைக்கிறார்கள். வானத்தில் சூரியனின் அகலம் சுமார் அரை டிகிரி. அதனால்தான் வெயில் நிழலுக்கு விளிம்பு வெட்டினாற்போல இருக்கிறது. அந்தக் கோணம் வர வேண்டுமானால் விளக்கு தன் அகலத்தைப் போல 108 மடங்கு தள்ளி இருக்க வேண்டும். ஆறு செ.மீ. பல்புக்கு அது கிட்டத்தட்ட ஆறரை மீட்டர், எந்த அறையில் இடம் இருக்கிறது? போன் டார்ச்சின் எல்இடி ஐந்து மி.மீ. என்றால் 54 செ.மீ. போதும். கையை நீட்டிப் பிடித்தால் சூரியன் தயார். மற்ற விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு எடுத்துப் பாருங்கள், பெல்ட் பக்கிளின் நிழல்கூட இடுப்பில் கோடு போட்டாற்போல விழும்.

இன்னொரு தொல்லை, வெளிச்சம் தேய்வது. தலைக்கு 15 செ.மீ. மேலே விளக்கு இருந்தால் 15 செ.மீ. ஃபிகரின் பாதம் 30 செ.மீ. தள்ளி இருக்கிறது. தலைக்கு விழுவதில் கால் பங்குதான் பாதத்துக்கு. நிஜ வெயில் ஒருவருடைய தலைக்கும் காலுக்கும் இப்படிப் பாரபட்சம் பார்க்காது. மேகமூட்டக் காட்சி வேண்டுமானால் கதையே வேறு: விளக்குக்கும் ஃபிகருக்கும் நடுவில் ஒரு டிரேசிங் பேப்பர் போதும், அந்த அளவுக்கு அதுவே முழு வானம்.

அலமாரிக்காரன்:
ஏன் எல்லாரும் பொம்மையை மனிதனாக்கத் துடிக்கிறீர்கள்? எனக்கு அதன் இரட்டை முழங்கை மூட்டு தெரிய வேண்டும், தோள் உள்ளே மடங்கும் விதம் தெரிய வேண்டும், முகத்தில் அச்சிட்ட கண் நேராக விழுந்திருக்கிறதா என்று தெரிய வேண்டும். வெள்ளைத்தாளை வளைத்துப் பின்னணியாக வைத்து, இரண்டு பக்கமும் ஒரே நிற வெளிச்சம். அவ்வளவுதான் என் ஸ்டூடியோ. ஜன்னல் வெயில் வேண்டுமென்றால் எடுத்து முடித்ததும் ஃபிகரை உள்ளே எடுத்து வையுங்கள். வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறினால் எந்த லென்ஸாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

மூட்டுவலி_மன்னன்:
அலமாரிக்காரர் எடுப்பது விற்பனைப் பட்டியலில் வருகிற மாதிரி படம். தப்பில்லை, ஆனால் நாம் பேசுவது அதுவல்ல.

எஃப்_பதினொன்றுக்கு: நீங்கள் காட்டிய நகர உதாரணத்தையே பிடித்துக்கொள்கிறேன். அந்த வித்தை ஏன் மாடியிலிருந்து எடுத்தால் பலிக்கிறது? மேலிருந்து பார்க்கும்போது தரை முழுக்கத் தெரிகிறது. தெளிவு தரையில் ஒரு பட்டையாக ஓடி, முன்னும் பின்னும் கரைகிறது. அளவைச் சொல்வது அந்தப் பட்டைதான். லென்ஸை ஃபிகரின் கண் மட்டத்துக்கோ அதற்கும் கீழேயோ இறக்குங்கள். தரை ஒரு கோடாகச் சுருங்கிவிடும், பட்டை காணாமல் போகும். அப்புறம் பின்னால் எவ்வளவு மங்கினாலும் தூரத்தில் இருக்கிறது என்றுதான் தோன்றும். நம்மவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடி மேசையை மேலிருந்து கீழாக எடுக்கிறார்கள், பழி எஃப் 2.8 மேல் விழுகிறது.

எஃப்_பதினொன்று:
கேமராவை இறக்கச் சொல்வது நல்ல யோசனை, நானும் அப்படித்தான் எடுக்கிறேன். ஆனால் முஷ்டிக்குப் பதில் வரவில்லையே. தரை மறைந்தாலும் நீட்டிய கை மறையாது. உடம்புக்குப் பின்னால் மங்கட்டும், உடம்புக்குள் மங்கக் கூடாது என்பதுதான் என் கட்சி.

அப்புறம், ஃபிகர்கள் எல்லாம் ஒரே அளவு என்கிற மாதிரி பேசிக்கொண்டிருக்கிறோம். 1964-ல் வந்த ஜி.ஐ. ஜோ என்ற ராணுவ வீரர் ஃபிகர் பன்னிரண்டு அங்குலம், 1982-ல் வந்தது மூன்றே முக்கால் அங்குலம். பெரியவருக்கு நீங்கள் சொல்கிற திறந்த லென்ஸ் ஓரளவு தாங்கும். சின்னவருக்கு அதே லென்ஸில் மூக்கு தெளிவாக இருந்தால் காது இருக்காது.

மூட்டுவலி_மன்னன்:
சரி, முஷ்டி முன்னால் வரும் போஸுக்கு மட்டும் உங்கள் பக்கம் வருகிறேன். அப்போதும் எஃப் 11 போதாது, ஃபோகஸ் ஸ்டாக்கிங்தான் வழி. முஷ்டியில் ஒன்று, முழங்கையில் ஒன்று, முகத்தில் ஒன்று என்று எடுத்து இணைக்க வேண்டும். எஃப் 22 வரை மூடிப் பார்க்கலாம் என்று கிளம்பாதீர்கள், துளை அத்தனை சிறுத்தால் ஒளி அதன் விளிம்பில் வளைந்து பரவி மொத்தப் படமும் மழுங்கிவிடும்.

போன்_போதும்:
ஸ்டாக்கிங் செய்யப்போகிறவர்களுக்கு ஒரு சொல்: கணுக்கால் தளர்ந்த ஃபிகர் என்றால் மூன்றாவது படத்துக்குள் மெல்லச் சாய்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, இணைக்கும்போது தோளுக்கு இரண்டு விளிம்பு வரும். இடுப்பில் ஸ்டாண்டைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். ஃபிகரை எடுத்துவிட்டு வெறும் பின்னணியையும் தனியாக ஒரு படம் எடுத்து வைத்தால் ஸ்டாண்டைப் பிறகு அழித்துவிடலாம்.

நிழல்வேட்டை:
ஸ்டாண்டை அழிக்கும்போது தரையில் விழுந்த அதன் நிழலையும் சேர்த்து அழியுங்கள். முந்தாநாள் இங்கே வந்த படத்தில் ஆள் பறக்கிறார், கீழே ஒரு கம்பியின் நிழல் நின்றுகொண்டிருக்கிறது.