பல்கலைக்கழக மென்பொருள் திட்டங்கள்: எதை முதலில் எடுப்பது?

கணினிப் பிரிவு ஒருங்கிணைப்பாளர், தண்டையார்பேட்டை:

வட சென்னையில் நான் பணிபுரியும் பல்கலைக்கழகத்தில் சேர்க்கைப் பிரிவு, தேர்வுப் பிரிவு, நிதிப் பிரிவு, நூலகம், விடுதி ஆகிய ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய மென்பொருளைக் கேட்டுக் கோப்பு அனுப்பும். எல்லாக் கோப்புகளிலும் ‘அவசரம்’ என்ற குறிப்பு இருக்கும். பதிவாளரை முதலில் சந்தித்துப் பேசியவரின் வேலையே முதலில் நடந்து வந்தது.

கோரிக்கைகள் அனைத்தையும் ஒரே பட்டியலாக்கி, துறைத் தலைவர்கள் முன்னிலையில் மாதந்தோறும் இரண்டு கேள்விகளை எழுப்பத் தொடங்கினோம். இந்த வேலை தாமதமானால் காத்து நிற்பவர் யார்? இதற்கு முன் எந்த வேலை முடிந்திருக்க வேண்டும்? வரிசையை மாற்றியது இரண்டாவது கேள்விதான். கட்டணத் தளம், நுழைவுச்சீட்டு, விடுதி ஒதுக்கீடு எனக் கேட்கப்பட்ட அனைத்தும் பிழையற்ற ஒரே மாணவர் பதிவேட்டை நம்பியிருந்தன. அதுவோ எங்களிடம் இல்லை. நிதிப் பிரிவு விண்ணப்ப எண்ணாலும், தேர்வுப் பிரிவு பதிவெண்ணாலும் மாணவரை அடையாளம் கண்டன.

பெயர்ச் சிக்கல் இன்னும் கடினமானது. பள்ளிச் சான்றிதழில் முதலெழுத்து பெயருக்கு முன்னால் இருக்கும். ஆதாரில் பின்னால் இருக்கும், அல்லது தந்தையின் முழுப் பெயராக விரிந்திருக்கும். பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் விதிமுறை வகுத்த கல்வி மதிப்பீட்டு வங்கியில் (மாணவர் படித்து ஈட்டும் கிரெடிட் புள்ளிகளைச் சேமிக்கும் இணையவழி ஏற்பாடு, ABC) மாணவர் கணக்கைத் தொடங்கும்போதும், அதில் மதிப்பீட்டுப் புள்ளிகளை ஏற்றும்போதும் இந்த வேறுபாடு குறுக்கே நிற்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெறும் மாணவியர் எங்களிடம் பலர் உண்டு. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுத் திருவொற்றியூரிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் வரும் அவர்களுக்கு அந்தத் தொகை பேருந்துச் செலவும் புத்தகச் செலவும் ஆகும். நம் பதிவேட்டுப் பிழையால் அவர்களில் ஒருவருக்குக்கூட அது தள்ளிப்போகக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

ஆகவே, நிர்வாகம் பெரிதும் விரும்பிய கைப்பேசிச் செயலியை ஒரு பருவம் தள்ளிவைத்து, பதிவேட்டைச் சீராக்கும் பணியை முதலிடத்தில் வைத்தோம். வெளியே காட்டிப் பெருமைப்பட ஏதுமில்லாத வேலை என்பதால் எதிர்ப்பு இருந்தது. நிதி அலுவலர்தான் துணை நின்றார். வங்கிக்கு வந்த கட்டணத்தை மாணவர் பெயரோடு பொருத்த அவருடைய பணியாளர்கள் படும் பாட்டை அவர் நாள்தோறும் பார்த்து வந்தார். கல்வி நிறுவனங்களுக்கான தேசியத் தர மதிப்பீட்டுக்கு (NAAC) ஐந்தாண்டுத் தரவுகளை எங்களிடம் அடுத்துக் கேட்டபோது, அவற்றில் பெரும்பகுதியை அதே பதிவேட்டிலிருந்தே எடுத்துக் கொடுத்தோம்.

தேர்வுப் பிரிவு அலுவலர், வியாசர்பாடி:

ஐயா சொன்ன வரிசை சரியானது என்பதே என் அனுபவமும். அதனுடன் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நுழைவுச்சீட்டு வழங்கத் தொடங்கிய நாள் முதல் முடிவுகள் வெளியாகும் வரை தேர்வு மென்பொருளில் எந்த மாற்றமும் செய்வதில்லை என்று எங்கள் நிறுவனத்தில் எழுத்து மூலம் முடிவு செய்தோம். புதிய மென்பொருளை வாங்கும்போது, அரியர் வைத்திருக்கும் பழைய மாணவர்களை அது எப்படிக் கையாளும் என்பதையும் முன்கூட்டியே சோதிக்க வேண்டும். அவர்கள் சேர்ந்த ஆண்டின் பாடத்திட்டமும் தேர்ச்சி விதியும் வேறு. எங்களுக்கு முதலில் காட்டப்பட்ட மென்பொருளோ நடப்பு விதி ஒன்றை மட்டுமே அறிந்திருந்தது. அதனால், பழைய விதிகளையும் மதிப்பெண்களையும் ஏற்றும் பணியைத் தனித் திட்டமாகவே பட்டியலில் சேர்த்து, அதற்கென ஆள் கேட்டிருக்கிறோம்.