அம்மா அனுப்பின பார்சல் திரும்பிப் போகப்போகுதாம், சனிக்கிழமை நண்பன் வர்றான். யாராவது சொல்லுங்க!

கோவில்பட்டிக்காரன் (புதன், இரவு 11.40)
வணக்கம் அண்ணன்களே, அக்காக்களே. ஜெர்மனி வந்து ஏழு வாரம் ஆச்சு. அம்மா ஊர்ல இருந்து பார்சல் போட்டாங்க. ஜெர்மனிக்குள்ள வந்தே 9 நாள் ஆயிடுச்சு, கைக்கு வரல. இன்னிக்கு நம்பரைப் போட்டுப் பார்த்தா ஜெர்மன்ல ஏதோ பெருசா எழுதியிருக்கு. மொழிபெயர்த்தா "அனுப்பியவருக்குத் திரும்ப அனுப்பப்படும்"னு வருது. என் ஸ்கூல் நண்பன் சனிக்கிழமை வர்றான். பார்த்து நாலு வருஷம் ஆச்சு. அவங்க அம்மா அவனுக்குக் கொடுத்ததும் அதே பெட்டிலதான் இருக்கு. தூக்கம் வரல. என்ன பண்ணலாம்?

முனிக் மச்சான்
கஸ்டம்ஸ்தான். சந்தேகமே வேணாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியில இருந்து ஒரு தனி ஆள் இன்னொரு தனி ஆளுக்கு அனுப்புற அன்பளிப்புக்கு 45 யூரோ வரைக்கும்தான் வரி இல்ல. உங்கம்மா மேல என்ன மதிப்பு எழுதினாங்க? உள்ளே என்ன இருக்கு? நெய், பால் சம்பந்தப்பட்டது, கறி எதுவும் வரக்கூடாது. பச்சைக் கறிவேப்பிலைகூட சான்றிதழ் இல்லாம வரக்கூடாது. மாத்திரை வச்சிருந்தா அதைவிட மோசம். நாம விமானத்துல வரும்போது சொந்த உபயோகத்துக்கு மூணு மாசத்துக்குக் கொண்டு வரலாம், ஆனா தபால்ல வரவே கூடாது. எல்லா அம்மாவும் ஒரு காய்ச்சல் மாத்திரை அட்டையைச் செருகி வைப்பாங்க, எனக்குத் தெரியும்.

பனிக்காலப் புலம்பல்
மச்சான் சும்மா பயமுறுத்தாதீங்க. எங்கம்மா ரெண்டு தடவை நெய் அனுப்பினாங்க, ரெண்டும் வந்துச்சு. ஒண்ணும் ஆகாது தம்பி, தூங்குங்க.

முனிக் மச்சான்
உங்களுக்கு வந்துச்சுன்னா அவங்க பெட்டியைத் திறக்கலன்னு அர்த்தம். சட்டம் மாறிடுச்சுன்னு அர்த்தமில்ல. எனக்கு முதல் வருஷம் லெட்டர் வந்துச்சு, நேர்ல வான்னு. ஊருக்கு வெளியில ஒரு கஸ்டம்ஸ் ஆபீஸ், பஸ்ஸை விட்டு இறங்கி மழையில ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. அதிகாரி கத்தியை நம்ம கையில கொடுத்து "நீங்களே பிரிங்க"ன்னார். மேல சட்டை, அதுக்கடியில சாம்பார்ப்பொடி, பொடிக்குள்ள புதைச்சு வச்ச வெள்ளி அரைஞாண். ஏன்னு கேட்டார். ஜெர்மன்ல அரைஞாணை எப்படிய்யா விளக்குறது?

ரைன்கரை அக்கா
தம்பி, நான் 85இல இலங்கையில இருந்து வந்தனான். கிழக்கு பெர்லினுக்கு வந்து இறங்கி, அங்கயிருந்து ரெயில்ல மேற்குக்கு. அந்த நேரம் எங்கட ஆக்கள் கனபேர் அப்பிடித்தான் வந்தவை. பிறகு அகதி முகாம். பார்சல் எண்ட கதையே இல்லை, நீலக் கடுதாசிதான். ஊரில இருந்து ஒண்டு வந்தா முகாமில இருக்கிற எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டோணும். ஆற்ர மாடு கண்டு போட்டது, எந்தக் கிணறு வத்தினது, எல்லாம் எல்லாருக்கும் தெரியும். மூண்டு நாலு கிழமைக்கு முந்தின செய்திதான். அதுக்குள்ள அங்க என்ன நடந்திருக்குமோ எண்டு யோசிக்காமல் வாசிப்பம்.

என்ர சிநேகிதி ஒருத்தி முப்பது கிலோமீற்றர் தள்ளி வேற முகாமில இருந்தவள். பள்ளிக்கூடத்தில ஒரே வாங்கில இருந்த நாங்கள். ஆனா அகதி விண்ணப்பம் போட்ட ஆக்கள் தங்கட மாவட்டத்தை விட்டு வெளியில போக அனுமதிக் கடிதம் எடுக்கோணும். அதுக்கு நான் மூண்டு தரம் அலைஞ்சனான். நாலாம் தரம் அனுமதித் துண்டு தந்தவை, ஒரு நாளைக்கு மட்டும். ஸ்டேஷனில அவளைக் கண்டவுடன ரெண்டு பேரும் கதைக்கேல்லை. கடைசியில அவள் கேட்ட முதல் கேள்வி, "நீ இன்னும் சுடுசோறுதான் சாப்பிடுறியோ?" உங்கட பெட்டி வராட்டியும் சிநேகிதன் வருவான் எல்லே? அதைப் பாருங்கோ.

பனிக்காலப் புலம்பல்
அக்கா, அப்போ அனுமதித் துண்டு வாங்கணும்னா இப்போ டெர்மின் (முன்கூட்டியே நேரம் குறிக்கிறது) வாங்கணும். அவ்வளவுதான் வித்தியாசம். என் காலேஜ் ரூம்மேட் இருபது நிமிஷ தூரத்துல இருக்கான். டீ குடிக்கக் கூப்பிட்டா காலண்டரைப் பார்த்து "அடுத்த மாசம் இரண்டாவது சனி"ங்கிறான். ஊர்ல வீட்டு வாசல்ல வந்து பேரைச் சொல்லிக் கத்துவான். இங்க கத்தினா மேல்வீட்டுக் கிழவி ஜன்னலைத் திறப்பா. ராத்திரி பத்துக்கு மேல சத்தம் கூடாது, ஞாயித்துக்கிழமை கண்ணாடிப் பாட்டிலைத் தொட்டியில போடக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது, ஞாயிறு கடையும் கிடையாது. வந்த முதல் வருஷம் நவம்பர்ல நாலரை மணிக்கு இருட்டினதும் நான் அழுதே இருக்கேன்.

கோவில்பட்டிக்காரன்
நெய் இல்லண்ணா. மாத்திரை இல்லன்னு அம்மா சத்தியம் பண்றாங்க. கடலை மிட்டாய், பருப்புப்பொடி, ஒரு வேட்டி, நண்பனோட அம்மா பின்னின குல்லா. கடலை மிட்டாய்க்குத் தடையா?

முனிக் மச்சான்
இல்ல, அது கறியோ பாலோ இல்லையே. வந்துடும். அப்போ மதிப்புதான் பிரச்சினை. பில் கேட்பாங்க.

வுப்பர்டால் உமா
எல்லாரும் ஒரு நிமிஷம். தம்பி, மூணு கேள்வி. எந்த ஊர்ல இருக்கீங்க? மொழிபெயர்க்காம அந்த ஜெர்மன் வரியை முழுசா போடுங்க. இந்த ஏழு வாரத்துல வேற ஏதாவது கடிதம் உங்களுக்கு வந்துச்சா?

கோவில்பட்டிக்காரன்
வுப்பர்டால்தான் அக்கா! (உங்க பேரை இப்பத்தான் கவனிச்சேன்.) கடிதம் ஒண்ணுமே வரல. பேங்க் கார்டு வரல, டாக்ஸ் நம்பரும் வரல, ஆபீஸ்ல திட்டுறாங்க. அது தனிப் பிரச்சினை, அப்புறம் கேட்கலாம்னு இருந்தேன். படம் போட்டிருக்கேன் பாருங்க.

வுப்பர்டால் உமா
தனிப் பிரச்சினை இல்ல, ரெண்டும் ஒண்ணுதான். கீழே இருக்கிற தபால் பெட்டில உங்க பேர் இருக்கா?

கோவில்பட்டிக்காரன்
இல்ல. நான் உள்வாடகைல இருக்கேன். வீட்டுக்காரப் பையன் பேர் மட்டும்தான் இருக்கு. மூணு மாசம்தானே, வேணாம்னு சொன்னான்.

வுப்பர்டால் உமா
அதான். நம்மூர் தபால்காரர் தெருமுனையில நின்னு "வாத்தியார் வீட்டுப் பையனா?"ன்னு கேட்டுக் கொடுத்துடுவார். இங்க பெட்டில பேர் இல்லன்னா நீங்க அந்த வீட்லயே இல்ல. கடிதம் அப்படியே திரும்பிடும். இங்க ஃபிளாட்டுக்கு நம்பர்கூட பல இடத்துல கிடையாது, பேர்தான் எல்லாமே.

நல்ல சேதி. நீங்க போட்ட வரியில பாதியத்தான் படிச்சிருக்கீங்க. கஸ்டம்ஸ் எல்லாம் தாண்டியாச்சு. கொடுக்க முடியல, கிளையில வச்சிருக்கோம், வெள்ளிக்கிழமைக்குள்ள எடுக்கலன்னா திரும்ப அனுப்புவோம்னு இருக்கு. ஏழு வேலை நாள்தான் வச்சிருப்பாங்க. நாளைக்கே போங்க. அந்தக் கிளை பார்க்கத் தபால் ஆபீஸ் மாதிரி இருக்காது, சிகரெட், லாட்டரிச் சீட்டு விக்கிற கியோஸ்காக்கூட இருக்கும், தேடாதீங்க, முகவரியை நம்பி உள்ளே போங்க. பாஸ்போர்ட் அசல் வேணும். தபால்காரர் பெட்டில போட்டுட்டுப் போற அறிவிப்பு அட்டை உங்க கையில இல்ல, அதனால போன்ல பார்சல் நம்பரைக் காட்டுங்க. எனக்கு அப்படிக் கொடுத்திருக்காங்க. ஆமா, அம்மா பெட்டி மேல என்ன பேர் எழுதினாங்க?

கோவில்பட்டிக்காரன்
என் பேர்தான் அக்கா, இனிஷியலோட.

வுப்பர்டால் உமா
தப்பிச்சீங்க. என் அம்மா "பாப்பா"ன்னு எழுதி ஒரு பார்சல் போனது போனதுதான்.

இன்னிக்கே ஒரு வெள்ளைத் தாள்ல பேரை எழுதி, தண்ணி படாம டேப் ஒட்டி, பெட்டிலயும் காலிங் பெல்லுலயும் ஒட்டுங்க. வீட்டுக்காரப் பையன்கிட்ட சொல்லிட்டு ஒட்டுங்க, கெஞ்சாதீங்க. உங்க பேரோட அப்பா பேரையும் சேர்த்து எழுதுங்க. பாஸ்போர்ட்ல குடும்பப் பேர் இடத்துல அப்பா பேர் இருந்தா இங்க ஆபீஸ் கடிதமெல்லாம் அப்பா பேருக்குத்தான் வரும். எனக்கு அஞ்சு வருஷமா எங்கப்பா பேர்லதான் கரண்ட் பில் வருது. அவர் தூத்துக்குடியில நிம்மதியா இருக்கார்.

இந்த வீட்டு முகவரியிலதானே பதிவு பண்ணியிருக்கீங்க? குடிவந்த ரெண்டு வாரத்துக்குள்ள ஆன்மெல்டுங் பண்ணியிருக்கணும். பண்ணியிருந்தா டாக்ஸ் நம்பர் கடிதம் வந்து திரும்பியிருக்கும். மத்திய வரி அலுவலக இணையதளத்துல திரும்பக் கேட்கலாம், தபால்லதான் வரும், சில வாரம் ஆகும். அதுக்குள்ள பேர் ஒட்டியிருக்கணும்! பேங்க்குக்கு போன் போட்டு கார்டை மறுபடி அனுப்பச் சொல்லுங்க.

பனிக்காலப் புலம்பல்
பண்ணலன்னா?

வுப்பர்டால் உமா
பண்ணலன்னா நாளைக்குப் பார்சலை எடுத்த கையோட அதுக்கு டெர்மின் போடட்டும். நண்பன் எங்கிருந்து வர்றார்?

கோவில்பட்டிக்காரன்
நெதர்லாந்துல ஐந்தோவன். எல்லையில இருக்கிற ஃபென்லோ வழியா வர்றான்.

வுப்பர்டால் உமா
ஃபென்லோவுல இருந்து ஆர்இ 13 ரயில் நேரா இங்க வரும். டாய்ச்லாண்ட் டிக்கெட் (ஜெர்மனி முழுக்க உள்ளூர் ரயில், பஸ்ஸுக்கான மாசச் சீட்டு) இருந்தா ஃபென்லோ ஸ்டேஷன்ல இருந்தே செல்லும், நெதர்லாந்துப் பக்கத்துக்கு மட்டும் தனி டிக்கெட். தண்டவாள வேலை அடிக்கடி நடக்கும், முந்தின நாள் ஆப்ல பார்க்கச் சொல்லுங்க. வந்ததும் தொங்கு ரயில்ல ஏத்துங்க. 1901ல ஆரம்பிச்சது, பெரும்பாலும் ஆத்துக்கு மேலயே ஓடும். பின்பக்க ஜன்னல் இடம் கிடைக்கிற வரைக்கும் விடாதீங்க.

ரைன்கரை அக்கா
ஞாயிறு ஹாம் காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போங்கோ. அதே ரெயில் ஹாம் வரைக்கும் போகும், பிறகு பஸ். 2002இல கும்பாபிஷேகம் நடக்கேக்க நான் அங்க நிண்டனான். மத்தியானப் பூசைக்கு நில்லுங்கோ.

கோவில்பட்டிக்காரன் (வெள்ளி, மாலை 6.15)
கிடைச்சிடுச்சு!! கியோஸ்க்தான். நேத்து ஆபீஸ்ல விடல, இன்னிக்கு அவர் கடை மூடப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஓடினேன். பாஸ்போர்ட்ட ரெண்டு தடவை திருப்பிப் பார்த்துட்டுக் கொடுத்தார். பேரும் ஒட்டியாச்சு. பெட்டி மேல அம்மா கையெழுத்தைப் பார்த்ததும் டிராம் ஸ்டாப்புன்னு நினைச்சு பஸ் ஸ்டாப்ல நின்னுட்டேன், இந்த ஊர்ல டிராமே இல்லன்னு ஒரு பாட்டி சொன்னாங்க. மன்னிச்சுக்கங்க மச்சான் அண்ணா, பருப்புப்பொடிக்குள்ள மாத்திரை அட்டை இருந்துச்சு.

முனிக் மச்சான்
நான் ஒண்ணும் சொல்லல.

கோவில்பட்டிக்காரன் (சனி, மாலை 5.50)
வந்துட்டான். ஆர்இ 13 நாற்பது நிமிஷம் லேட்டு. குல்லாவைப் போட்டுக்கிட்டுக் கழட்ட மாட்டேங்கிறான், வீட்டுக்குள்ளயும். கடலை மிட்டாய் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் பாறை மாதிரி இருக்கு. பக்கத்து வீட்ல சுத்தியல் கேட்கப் போறோம்.

பனிக்காலப் புலம்பல்
இன்னிக்கே உடைச்சிடுங்க தம்பி. நாளைக்கு ஞாயிறு.