புதுப்பிப்பு: ஹெட்லைற்றின் உட்பகுதியைக் கறுப்பாக்கிய வேலை

கல்லடியிலுள்ள எங்கள் வீட்டுக் காரின் ஹெட்லைற்றுகளுக்குள் இருக்கும் வெள்ளிநிறச் சட்டத்தைக் கறுப்பாக்க எந்தப் பெயின்ற் பொருந்தும் என்று முன்பு கேட்டிருந்தேன். வேலை முடிந்துவிட்டது, ஆனால் ஒரு பக்கத்தை இருமுறை செய்ய நேர்ந்தது.

பளபளப்பான கறுப்பு சிறு தூசியையும் காட்டிக்கொடுக்கும் என்பதால், கச்சான் காற்று வீசும் காலத்தில் முற்றத்தில் வைத்து ஸ்பிறே அடிக்கும் எனக்கு, வெப்பந்தாங்கும் சாட்டின் (அரைப்பளபளப்பு) கறுப்பே ஏற்றதாகப் பட்டது.

முதற்பக்கம் கெட்டதற்கு என் அவசரமே காரணம். குரோம் பூச்சைத் தேய்த்து மங்கலாக்காமல், பிளாஸ்டிக்குக்குரிய பிறைமர் என்ற அடிப்பூச்சும் இன்றி அடித்ததால், மாஸ்கிங் ரேப்பை உரித்தபோது பெயின்றும் கூடவே வந்தது. மறுமுறை 600 இலக்க சாண்ட் பேப்பரால் தேய்த்து, ஐசோபுரோப்பைல் அல்கஹோலால் துடைத்து, பிறைமருக்குப் பின் மூன்று மெல்லிய பூச்சுகள் கொடுத்தேன். முழுதாக உலராத பெயின்றிலிருந்து கிளம்பும் ஆவி ஹெட்லைற்றின் முன்கண்ணாடியின் உட்புறத்தில் படலமாகப் படியும் என்பதால், ஒரு வாரம் பொறுத்தே மூடினேன்.

பல்பைச் சுற்றியுள்ள ஒளிதெறிக்கும் கிண்ணத்தையும் கறுப்பாக்கலாமே என்றார் மைத்துனர். வெளிச்சத்தை வீதிக்கு அனுப்புவதே அந்தக் கிண்ணம்தான். இரவில் மாடுகள் படுத்திருக்கும் எங்கள் வீதிகளில் அழகுக்காக அதை இழக்க நான் ஆயத்தமில்லை.

மூடும்போது, ஹெட்லைற்றின் முன்கண்ணாடியை ஒட்டியிருந்த பழைய பியூட்டைல் பசையை முற்றாக அகற்றிப் புதியதை இட்டு, குழாய்த் தண்ணீர் பீய்ச்சிப் பார்த்தேன், உள்ளே ஈரமில்லை. மாரிமழைதான் இனிச் சோதிக்க வேண்டும்.