ஜெர்ரி கூவாடியாவின் ஆராய்ச்சி உங்கள் வாழ்க்கையைத் தொட்டிருக்கிறதா? எழுதுங்கள்

பீனிக்ஸ் நர்ஸ்:
பேராசிரியர் ஹூசேன் கூவாடியா என்றால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பாதிப் பேருக்கு அரசியல் மேடைதான் நினைவுக்கு வரும். நேட்டால் இந்தியக் காங்கிரஸ், யூ.டி.எஃப். என்ற நிறவெறி எதிர்ப்பு இயக்கங்களின் காலத்து ஆட்களுக்கு அவர் ஜெர்ரி. 2023 அக்டோபரில் அவர் காலமானபோதும் அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். எனக்கு அவர் முதலில் விஞ்ஞானி. பம்பாயில் மருத்துவம் படித்து, 1970களில் பர்மிங்காமில் நோயெதிர்ப்பியல் படித்து, டர்பன் குழந்தைகள் வார்டுக்கே திரும்பி வந்து உட்கார்ந்தவர். அவரை நேரில் பார்த்திருக்க வேண்டும் என்றில்லை. அவருடைய ஆராய்ச்சி உங்கள் வீட்டுக்கோ வேலைக்கோ வந்து சேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

என் கதை தாய்ப்பால். 1990களின் கடைசியில் கர்ப்பிணிகள் கிளினிக்கில் வேலை. எச்.ஐ.வி. இருக்கிற தாயிடம் என்ன சொல்வது? தாய்ப்பாலில் கிருமி போகும் என்று தெரியும். பால்மாவு கொடு என்று சொல்லலாம். ஆனால் சுத்தமான தண்ணீர் வேண்டும், அடுப்பு எரிய வேண்டும், டின் வாங்கக் காசு வேண்டும். அது மட்டுமா, வீட்டில் பால்மாவு டின்னைப் பார்த்ததுமே மாமியாருக்கு விஷயம் தெரிந்துவிடும். எத்தனையோ பெண்கள் அதற்குப் பயந்தே டின்னை ஒளித்து வைத்தார்கள்.

அந்த நேரத்தில் டர்பனில் அன்னா கௌட்சூடிஸ், கூவாடியா குழு கர்ப்பிணிகளுக்கு வைட்டமின் ஏ கொடுத்து ஒரு ஆய்வு நடத்தியிருந்தது. கிருமி பரவுவதை வைட்டமின் குறைக்கவில்லை. பலர் அதோடு ஆய்வுக் கோப்பை மூடியிருப்பார்கள். இவர்கள் அதே குழந்தைகள் என்ன குடித்தார்கள் என்று பிரித்துப் பார்த்தார்கள். மூன்று மாதத்தில், தாய்ப்பாலோடு தண்ணீர், கஞ்சி, வேறு பால் எல்லாம் கலந்து குடித்த குழந்தைகளில் 24.1 சதவீதத்துக்குத் தொற்று. தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களில் 14.6. தாய்ப்பாலே குடிக்காதவர்களில் 18.8. 1999இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நம்புவதற்குப் பலருக்குக் கஷ்டமாக இருந்தது, எனக்கும்தான்.

நோயெதிர்ப்பியல் தெரிந்தவருக்கு அது அவ்வளவு புதிராக இருந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன். பச்சைக் குழந்தையின் குடல் உள்தோல் மெல்லியது. வேறு உணவு போனால் அது புண்ணாகி வீங்குகிறது, கிருமி நுழைய வழி கிடைக்கிறது. தாய்ப்பால் மட்டும் போனால் அந்தத் தோல் கெடாமல் இருக்கிறது. இதுதான் அவர்கள் முன்வைத்த விளக்கம்.

ஆனால் ஆறு மாதம் வெறும் தாய்ப்பால் என்று சொல்லிப் பாருங்கள்! நம் வீடுகளில் ஆயா சீனித் தண்ணீரும் கிரைப் வாட்டரும் எடுத்துக்கொண்டு நிற்பார். இங்குள்ள கறுப்பினச் சூலு வீடுகளில் கோகோ (பாட்டி) மூன்றாம் மாதமே மீலி (மக்காச்சோளக்) கஞ்சி கரைத்து ஊட்டுவார். இருவரும் அன்பில்தான் செய்கிறார்கள். எனக்குத் தாய்மாரைவிடப் பாட்டிமாரிடம் பேசியதுதான் அதிகம்.

சாட்ஸ்வொர்த் அம்மா:
நர்ஸ் அக்கா, எங்கள் வீட்டுக்கு அவர் வேலை வந்தது சிறுநீரகம் வழியாக. பெரியவனுக்கு அப்போது நாலு வயது. காலையில் எழுந்தால் கண் இமை இரண்டும் வீங்கியிருக்கும், மாலையில் கால் வீங்கிக் காலுறைத் தடம் ஆழமாகப் பதிந்திருக்கும். அலர்ஜி என்று முதலில் யாரோ மருந்து கொடுத்தார்கள். அப்புறம் சிறுநீரில் புரதம் கொட்டுகிறது, நெப்ரோடிக் என்றார்கள். நான் உடைந்துபோனேன். டாக்டரம்மா மட்டும் கலங்காமல், இந்தியப் பிள்ளைகளில் பெரும்பாலும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரைக்கு அடங்கிவிடும், பயப்படாதீர்கள் என்றார். அடங்கியது. திரும்பத் திரும்ப வந்தது, ஆனாலும் ஒவ்வொரு முறையும் அடங்கியது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு சூலுப் பையன். அதே வீக்கம், அதே நோய்ப் பெயர். அவனுக்கு அந்த மாத்திரை வேலை செய்யவில்லை. ஏன் என்று அவன் அம்மா என்னைக் கேட்டாள். என்னிடம் பதில் ஏது?

பதில் ஏற்கெனவே இருந்திருக்கிறது. பல வருடம் கழித்து, மருத்துவம் படித்த என் தங்கை மகள்தான் சொன்னாள். கூவாடியாவும் மிரியம் அதிகாரி என்ற மருத்துவரும் 1970களிலேயே டர்பனில் இந்த இரண்டு வகைப் பிள்ளைகளின் சிறுநீரகத் திசுவையும் எடுத்து ஒப்பிட்டிருக்கிறார்கள். இந்தியப் பிள்ளைகளில் அதிகம் இருந்தது மருந்துக்கு அடங்கும் லேசான வகை. கறுப்பினப் பிள்ளைகளில் அது அரிது. அவர்களில் பலருக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியோடு சேர்ந்த வேறு வகை நோய்.

அந்தக் காலத்தை யோசித்துப் பாருங்கள். அப்பார்ட்ஹைட் (நிறவெறி) ஆட்சி நடந்த நாட்டில் இரண்டு இனத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு விதமாக நோய் வந்தால், ரத்தமே வேறு என்று சொல்லி முடித்துவிட ஆயிரம் பேர் காத்திருந்தார்கள். இவர்கள் அதற்குப் பின்னால் இருக்கிற காரணத்தைத் தேடிப்போனார்கள். கிருமிதான் காரணம் என்றால் தடுப்பூசி போடலாமே. 1995இல் ஹெபடைடிஸ் பி ஊசி எல்லாக் குழந்தைகளுக்குமான அட்டவணையில் சேர்ந்தது. அதன் பிறகு கறுப்பினப் பிள்ளைகளில் அந்த வகைச் சிறுநீரக நோய் நன்றாகக் குறைந்துவிட்டது என்று டர்பன் மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். என் தங்கை மகள் இதைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

டொங்காட்டிலிருந்து:
எங்கள் பக்கம் தட்டம்மை வந்தால் அம்மன் வந்திருக்கிறாள் என்று வாசலில் சிரிங்கா இலை கட்டுவார்கள் (இங்கே வேப்பிலைக்கு அதுதான்). கறி மீன் கிடையாது, ஆஸ்பத்திரிப் பேச்சும் கிடையாது. என் தம்பிக்கு அம்மை இறங்கிய பிறகுதான் தொல்லையே தொடங்கியது. மாதக்கணக்கில் இருமல், நெஞ்சில் சளி. அம்மை போனபின் ஏன் இப்படி என்று வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. இதிலும் கூவாடியா ஏதோ செய்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லேப் மாணவன்:
அண்ணா, செய்திருக்கிறார். நான் மதுரையிலிருந்து வந்து இங்கே நோயெதிர்ப்பியல் படிக்கிறேன். அந்த 1978 கட்டுரையை எங்கள் வகுப்பில் படிக்கவைத்தார்கள். தட்டம்மையோடு வந்த குழந்தைகளின் ரத்தத்தில் லிம்போசைட் (நோயை எதிர்க்கும் வெள்ளை அணு) எண்ணிக்கையைப் பார்த்தார்கள். எண்ணிக்கை மிகவும் விழுந்த குழந்தைகள்தான் அதிகம் இறந்தார்கள், அல்லது உங்கள் தம்பி மாதிரி நெஞ்சுநோயோடு நீண்ட நாள் அவதிப்பட்டார்கள். தட்டம்மைக் கிருமி உடம்பின் காவலையே முடக்குகிறது, அதனால்தான் அம்மைத் தடிப்பு மறைந்த பிறகும் மற்ற கிருமிகள் உள்ளே வருகின்றன. எந்தக் குழந்தையைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று சாதாரண ரத்தப் பரிசோதனையே சொல்லிவிடும். எங்களிடம் இப்போது லட்சக்கணக்கில் விலையுள்ள கருவி இருக்கிறது. ஆனால் கேள்வி அப்படி நேராகக் குழந்தையிடமிருந்து வருவது குறைவு.

1991இல் அதே டர்பன் குழு, தட்டம்மைக் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ கொடுத்தால் நோயின் கடுமை குறைகிறது என்று காட்டியது. கேப் டவுனிலும் அதற்குச் சற்று முன் ஒரு ஆய்வு வந்திருந்தது. இன்று தட்டம்மை வந்த குழந்தைக்கு அடுத்தடுத்து இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுக்கச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். தாய்மாருக்கான எச்.ஐ.வி. ஆய்விலும் வைட்டமின் ஏ-வை ஏன் எடுத்தார்கள் என்பது இப்போது புரிகிறதா? ஒரு கேள்வியின் வேர் இன்னொன்றில் இருக்கிறது.

பீனிக்ஸ் நர்ஸ்:
தம்பி நன்றாகச் சொன்னீர்கள். நான் அவரைத் தூரத்திலிருந்து பார்த்த ஒரு மாலையையும் எழுதிவிடுகிறேன். 2000 ஜூலை, உலக எய்ட்ஸ் மாநாடு டர்பனில். அதன் தலைவர் அவர்தான். திறப்பு விழா கிங்ஸ்மீட் கிரிக்கெட் மைதானத்தில். எய்ட்ஸுக்குக் காரணம் எச்.ஐ.வி.தானா என்று நாட்டின் தலைவர் ம்பெகியே சந்தேகம் கிளப்பிக்கொண்டிருந்த நேரம். காரணம் எச்.ஐ.வி.தான் என்று 5000-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கையெழுத்திட்ட டர்பன் பிரகடனம் அப்போதுதான் வெளியாகியிருந்தது. மேடையில் ம்பெகி பேசினார், வறுமையைப் பற்றி. பிறகு எச்.ஐ.வி.யோடு பிறந்த 11 வயது நிகோசி ஜான்சன், பெரிய கோட்டுக்குள் சின்ன உடம்பு, கர்ப்பிணிகளுக்கு மருந்து கொடுங்கள் என்று அரசைக் கேட்டான். அடுத்த வருடம் அவன் போய்விட்டான்.

கூவாடியா அரசை வெளிப்படையாக எதிர்த்தார். தான் போராடிக் கொண்டுவந்த அரசு அது. எதிரியை எதிர்ப்பதைவிட அது கடினம் என்றே நினைக்கிறேன். 2002 ஜூலையில் தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவதைக் குறைக்கும் நெவிராபின் மருந்தைக் கொடுக்க அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய இரண்டு வருடத்தில் பிறந்த குழந்தைகளை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

தாய்ப்பால் விஷயம் 2007இல் உறுதியானது. வடக்கு குவாசூலு-நேட்டாலில் நடந்த பெரிய ஆய்வு. ஆறு வாரத்தில் தொற்று இல்லாத, தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகளில் ஆறு மாதத்துக்குள் தொற்று சுமார் 4 சதவீதம். கெட்டி உணவு சேர்த்துக் கொடுத்தால் ஆபத்து ஏறத்தாழ 11 மடங்கு. மூன்று மாதத்துக்குள் இறந்தவர்கள், தாய்ப்பால் குழந்தைகளில் 6.1 சதவீதம், பால்மாவுக் குழந்தைகளில் 15.1. 2011இல் நம் அரசு இலவசப் பால்மாவை நிறுத்தித் தாய்ப்பால் பக்கம் வந்தது.

உம்லாஸ் மருமகள்:
அக்கா, இப்போதும் இதே ஆலோசனைதானா? என் தோழிக்குக் குழந்தை பிறக்கப்போகிறது, அவளுக்கு எச்.ஐ.வி. உண்டு. கேட்கக் கூச்சப்படுகிறாள்.

பீனிக்ஸ் நர்ஸ்:
கூச்சமே வேண்டாம் என்று சொல்லுங்கள் அம்மா. இன்று நிலைமை எவ்வளவோ மேல். எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.வி. மாத்திரையை அவள் தினமும் தவறாமல் எடுக்க வேண்டும், ரத்தத்தில் கிருமி அளவைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும், குழந்தைக்குப் பிறந்ததுமே மருந்து கொடுப்பார்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அப்புறம் உணவும் சேர்த்து இரண்டு வயது வரை கொடுக்கலாம். கிளினிக்குக்குப் போகும்போது, அவளுக்குச் சம்மதமென்றால், வீட்டு ஆயாவையும் கூட்டிப்போகச் சொல்லுங்கள். சீனித் தண்ணீர் ஏன் கூடாது என்று நர்ஸே அவருக்குச் சொல்லட்டும்.