இரவில் வரும் கந்தக நாற்றத்தை எந்தக் கருவியால் அளப்பது?

வத்தளைவாசி:
எங்கள் குடியிருப்பு சில தொழிற்சாலைகளுக்கு அண்மையில் இருக்கிறது. இரவில் அழுகிய முட்டை நாற்றமும், சில வேளைகளில் அழுகிய கோவா நாற்றமும் வீட்டுக்குள் வருகின்றன. முறைப்பாட்டின் பேரில் ஒரு முற்பகல் வந்த அலுவலர், கையடக்க வாயுமானியைப் பிடித்துப் பார்த்து, பூச்சியம் என்று எழுதிச் சென்றார். மூக்குக்குத் தெரிவது கருவிக்குத் தெரியாமற் போகுமா? எத்தகைய அளவீட்டை நாங்கள் கோர வேண்டும்?

ஆய்வுகூடத்தவன்:
தாராளமாகப் போகும். அந்த மானிகள் தொழிலாளரின் உயிர்காப்புக்கானவை. பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவிலேயே பெரும்பாலும் வாசிப்புக் காட்டத் தொடங்கும். அழுகிய முட்டை நாற்றத்தைத் தரும் ஐதரசன் சல்பைட்டு வாயுவையோ நம் மூக்கு நூறு கோடியில் ஒரு சில பங்கு இருந்தாலே உணர்ந்துவிடும். நாற்றத் தொல்லையைத் தவிர்க்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த வழிகாட்டி அளவு, 30 நிமிடச் சராசரியாக, கன மீற்றருக்கு 7 மைக்ரோகிராம். அது நூறு கோடியில் ஏறத்தாழ 5 பங்கு. ஆகவே அலுவலர் எழுதிய பூச்சியம் நாற்றம் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

கோவா நாற்றம் என்று நீங்கள் குறிப்பிட்டது முக்கியமானது. அது மெதைல் மெர்கப்டன், இருமெதைல் சல்பைட்டு ஆகிய கந்தகச் சேர்வைகளில் ஒன்றாக இருக்கக்கூடும். இவற்றையும் ஐதரசன் சல்பைட்டையும் சேர்த்து 'மொத்த ஒடுக்கிய கந்தகம்' என அளக்கும் தொடர்பதிவுக் கருவி, காற்றிலுள்ள கந்தகவீரொட்சைட்டு (SO₂) வாயுவை முதலில் அகற்றிவிட்டு, எஞ்சிய கந்தகச் சேர்வைகளை உயர் வெப்பத்தில் கந்தகவீரொட்சைட்டாக மாற்றி, அதைப் புற ஊதா ஒளிர்வு முறையில் கணிக்கிறது. அது தருவது கூட்டுத்தொகை மட்டுமே. எந்தச் சேர்வை எவ்வளவு என்று அறிய வேண்டுமானால் கலவையிலுள்ள வாயுக்களைத் தனித்தனியே பிரித்து அளக்கும் வாயு நிறப்பகுப்பியல் தேவை. அதற்கு மாதிரி எடுப்பதிற்றான் பலர் கோட்டை விடுகிறார்கள்: இந்த வாயுக்கள் வெற்று உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும், பையில் வைத்தால் விரைவில் குறைந்துவிடும். உட்பூச்சிட்ட கலத்தில் எடுத்து, இயன்றவரை 24 மணித்தியாலத்துக்குள் பகுப்பாய்வு செய்ய வேண்டும்.

களனிக்கரை:
முற்பகலில் அளந்ததே பெரும் குறை. காற்று ஓய்ந்த இரவில் தரையை அண்டிய வாயு மேலெழுந்து கலையாது. வெயில் ஏறியதும் கலைந்துவிடும். காற்றின் திசையையும் வேகத்தையும் உடன் பதியாத அளவீட்டைக் கொண்டு எந்த ஆலையையும் சுட்ட முடியாது. 24 மணிநேரச் சராசரியையும் ஏற்காதீர்கள். கால் மணிநேர நாற்றம் அதில் கரைந்துபோகும்.

வத்தளைவாசி:
கந்தகவீரொட்சைட்டுப் பதிவுகள் இருந்தால் போதாதா?

ஆய்வுகூடத்தவன்:
போதாது, அது வேறு வாயு. இலங்கையின் 2008 ஆம் ஆண்டுச் சுற்றாடல் வளித்தர நியமங்களிலும் கந்தகவீரொட்சைட்டு உண்டு, ஐதரசன் சல்பைட்டு இல்லை. எனவே நியமம் மீறப்பட்டது என்று வாதிடுவதைவிட, 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் அந்த ஆலைகள் பெற்றுள்ள சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தில் நாற்றம் பற்றி என்ன நிபந்தனை இருக்கிறது என்று மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் எழுத்தில் கேளுங்கள். நாற்றம் வந்த நேரம், காற்றின் திசை ஆகியவற்றை அயலவர் பலர் தனித்தனியே எழுதிய குறிப்புகளையும் அக்கடிதத்துடன் இணையுங்கள்.