கொரியாவில் பௌத்தம்: சில்லா மட்டும் ஏன் ஒன்றரை நூற்றாண்டு பிந்தியது?

கேள்வி:
கொரியத் தீபகற்பத்தின் பழைய அரசுகளான கொகுரியோ 372இலும் பெக்ஜே 384இலும் பௌத்தத்தை ஏற்றன. அதே தீபகற்பத்தின் தென்கிழக்கில் இருந்த சில்லாவோ 527 வரை அதற்கு இடங்கொடுக்கவில்லை. மூன்று அரசுகளும் ஓயாமல் போரிட்டும் உறவாடியும் வந்தவை என்பதால், சில்லாவுக்குச் செய்தியே எட்டவில்லை என்று சொல்வதற்கில்லை. நில அமைப்பு காரணமா, உள்நாட்டு அரசியலா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
முதல் இரண்டு நாடுகளிலும் பௌத்தம் அரண்மனை வாசல் வழியாகவே நுழைந்தது. 371இல் பெக்ஜேயுடன் நடந்த போரில் கொகுரியோ மன்னர் கொல்லப்பட்டார். மறு ஆண்டே, வட சீனாவை ஆண்ட ஃபூ ஜியன் அனுப்பிய தூதருடன் சுன்டோ என்னும் துறவி புத்தர் உருவங்களையும் சூத்திரங்களையும் கொண்டுவந்தார். புதிய மன்னர் சோசுரிம் அதே ஆண்டில் தேஹாக் என்ற உயர்கல்விச் சாலையை நிறுவி, 373இல் சட்டங்களையும் வகுத்தார். தோற்ற நாட்டை நிமிர்த்தும் பணியில் பௌத்தமும் ஒன்றாயிற்று. பெக்ஜேயிலும், தென் சீனாவை ஆண்ட கிழக்கு ஜின் அரசிலிருந்து வந்த மரனந்தா என்னும் துறவியை மன்னரே வரவேற்று அரண்மனையில் தங்கவைத்தார். சில்லாவுக்கு அப்படிப்பட்ட தூதர் வாய்க்கவில்லை. 521இல் தென் சீனாவின் லியாங் வம்ச அரசவைக்குத் தூது போனபோதுகூட அது பெக்ஜே தூதர்களுடன்தான் சென்றது.

மறுமொழி 2:
நில அமைப்பு பாதிக் காரணம்தான். மீதி, சில்லாவின் பிரபுக்குலங்கள். தத்தம் முன்னோர் வழிபாட்டையும் உள்ளூர்த் தெய்வங்களையும் பற்றிநின்ற அவர்களுக்கு, மன்னரை மட்டும் உயர்த்தும் ஒரு புதிய சமயம் உவப்பாக இருந்திருக்காது. மொட்டைத் தலையும் விநோத உடையுமாகத் திரிபவர்கள் என்று துறவிகளை அமைச்சர்கள் இகழ்ந்ததை மூன்று அரசுகளின் வரலாற்று நூலான 'சாம்குக் சாகி' பதிவுசெய்கிறது. பௌத்தத்தை ஏற்க விரும்பிய சில்லா மன்னர் பொப்ஹுங் தயங்கி நின்றபோது, இச்சாதோன் என்ற இளம் அதிகாரி தன் தலையை வெட்டி எதிர்ப்பை அடக்குமாறு தாமே முன்வந்தார் என்றும், வெட்டுண்ட கழுத்திலிருந்து பால்போல் வெண்குருதி பீறிட்டது என்றும் மரபு சொல்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் அவர் நினைவாக எழுப்பிய ஆறு பட்டைத் தூண் இன்று கியோங்ஜு அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் ஒரு பக்கத்தில் தலையற்ற உடலும் மேலெழும் குருதியும் உதிரும் மலர்களும் செதுக்கப்பட்டுள்ளன. வெண்குருதியை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். மன்னருக்கும் பிரபுக்களுக்கும் மோதல் இருந்தது என்பதை நான் ஐயுறமாட்டேன். பின்னாளில் சில்லா அரச குடும்பம், ஜின்பியோங் மன்னருக்குப் புத்தரின் தந்தை சுத்தோதனரின் பெயரையும் அவருடைய அரசிக்குப் புத்தரின் தாய் மாயாவின் பெயரையும் சூட்டி, புத்தரின் குடும்பமாகவே தன்னைக் காட்டிக்கொண்டது. பிரபுக்கள் எதற்கு அஞ்சினார்கள் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

மறுமொழி 3:
மேலே உள்ள ஆண்டுகள் அரசு ஏற்றுக்கொண்ட ஆண்டுகள்; சமயம் வந்துசேர்ந்த ஆண்டுகள் அல்ல. 366இல் மறைந்த சீனத் துறவி சீ துன், கொகுரியோத் துறவி ஒருவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். சில்லாவிலும், 458இல் இறந்த நுல்ஜி மன்னரின் காலத்திலேயே கொகுரியோவிலிருந்து வந்த முகோஜா என்னும் துறவி, மொர்யே என்பவரின் வீட்டில் தோண்டிய நிலவறையில் தங்கினாராம். லியாங் தூதர் தந்த நறுமணப் பொருளின் பயன் யாருக்கும் தெரியாதபோது அவரே விளக்கினார் என்பது கதை. லியாங் வம்சம் தோன்றியதே 502இல் என்பதால் தூதர் பகுதி பிற்காலச் சேர்க்கையாகலாம். ஆயினும் எல்லைப்புறக் குடியானவர் வீட்டில் மறைந்து வாழ்ந்த துறவி என்ற செய்தி, அரசாணைக்கு வெகு முன்பே வடக்கிலிருந்து மக்கள் வழியாகப் பௌத்தம் கசிந்ததைக் காட்டுவதாகவே எனக்குத் தோன்றுகிறது.